ஏழு-ஏ பேருந்தும் ஐந்தாவது ராஜினாமாவும்

ஜூன் இருபத்தேழாம் தேதி மதியம் பானு மேடம் என் வீட்டுக்கு வந்தபோது, நான்காவது ராஜினாமாச் செய்தியை நாளிதழிலிருந்து கத்தரித்துக் கோப்பில் ஒட்டிக்கொண்டிருந்தேன். தேதி எழுதியாகிவிட்டது. பசை காயவில்லை.

"ஒட்டி முடிங்க சார். அவசரமில்ல. இன்னும் மூணு நாள் இருக்கு" என்றபடி அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். என் பெயர் இளம்பரிதி. உயர்கல்விக்கான ஐந்து தரப்பு உடன்பாட்டில் ஆசிரியர் தரப்புக்கு நான் பிரதிநிதி. அதற்கு முன் அரசுக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராகப் பதினெட்டு ஆண்டு வேலை பார்த்தேன். ஷர்மிளா பானு அதே துறை. ஆசிரியர் அறையில் பதினோரு ஆண்டு எனக்கு எதிர் மேசை.

எங்கள் மாநிலத்தில் கல்லூரிக் கல்விக்கு ஒரு நல்ல விதி வந்தால் அதன் ஆயுள் அடுத்த தேர்தல் வரைதான். ஓர் ஆட்சி கட்டணத்துக்கு வரம்பு வைக்கும், அடுத்த ஆட்சி எடுத்துவிடும். ஒன்று கௌரவ விரிவுரையாளர்களை நிரந்தரமாக்கும், இன்னொன்று அந்த ஆணையையே கிடப்பில் போடும். எனவே கட்சிகளை நம்பாமல் ஐந்து தரப்பையும் ஒன்று சேர்ப்பது என்று நானும் பானு மேடமும் இறங்கினோம். மாணவர், பெற்றோர், விரிவுரையாளர், தனியார் கல்லூரி நிர்வாகங்கள், அரசு. நிர்வாகத் தரப்பை உள்ளே அழைத்தால் மாணவர் எழுந்து போவார்கள். மாணவர்களை உட்காரவைத்தால் பெற்றோர் சங்கத்துக்குச் சந்தேகம் வரும். ஆறு ஆண்டு பேருந்தில் அலைந்தோம். மேடம் பேசுவார், நான் எழுதுவேன்.

இரண்டு முறை கையெழுத்தாகி இரண்டு முறையும் உடைந்தது. முதல் முறை ஒரு தலைவருக்குப் பெரிய பதவி கிடைத்தது. இரண்டாவது முறை ஒருவர் மேல் வழக்கு வந்தது. ஆட்களின் மனம் மாறக்கூடியதாக இருக்கும்வரை எந்த உடன்பாடும் நிலைக்காது என்று அப்போதுதான் புரிந்தது.

மனம் மாறாமலிருக்க வழி இருப்பதாக ஆய்வுக்கூடத்தார் சொன்னார்கள். அதற்கு நிலைப்படுத்தல் என்று பெயர். சட்டமும் வந்தது. ஐந்து தரப்பின் பிரதிநிதிகளும் நிலைப்படுத்திக்கொண்டால் அந்த உடன்பாட்டை எந்த ஆட்சியும் தொட முடியாது. மாற்ற வேண்டுமானால் அந்த ஐந்து பேருமே மனதார விரும்பிக் கேட்க வேண்டும்.

நிலைப்படுத்திக்கொள்ள நான் உள்ளே போன நாளில் மருத்துவர் விளக்கினார்.

"பல்லு புடுங்க ஊசி போட்டா ஈறு மரத்துப்போகுதில்ல? பல்லு அங்கேயேதான் இருக்கும். நாக்கால தொட்டா தெரியும். வலிதான் இருக்காது. அதே மாதிரிதான் இதுவும். உடன்பாட்டை மாத்தணும்ங்கற ஆசை மட்டும் உங்களுக்கு வராது. காசு குடுத்தாலும் வராது, மிரட்டினாலும் வராது. அறிவு, ஞாபகம் எல்லாம் அப்படியே இருக்கும்."

"ஈறு மரத்தா உதடும் சேர்ந்து மரக்கும் டாக்டர்."

அவர் சிரித்தார். "கொஞ்சம் பரவலாம். பழகிடும்."

பரவியது. அண்ணன் இறந்தபோது பந்தலில் எத்தனை நாற்காலி என்று எண்ணிக்கொண்டிருந்தேன். எண்பத்தாறு. பழகியும் விட்டது.

இப்போது தவறைப் பற்றி. அது என்னுடையது.

கௌரவ விரிவுரையாளருக்கு மகப்பேறு விடுப்பு கிடையாது. நின்றால் வேலை போய்விடும். ஆகவே எங்கள் கல்லூரிகளில் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தி பிரசவத்துக்குப் போனால், "அவ பேரு ஓடட்டும்" என்பார்கள். மற்றவர்கள் அவள் வகுப்புகளைப் பிரித்து எடுப்பார்கள். வருகைப் பதிவேட்டில் அவள் பெயர் ஓடிக்கொண்டே இருக்கும். பானு மேடத்துக்கு இரட்டைக் குழந்தை பிறந்தபோது நான்கு மாதம் அவர் பெயரை நாங்கள் ஓட்டினோம். யார் எந்த வகுப்பை எடுத்தார்கள் என்று நான் ஒரு நோட்டில் எழுதிவைப்பேன். மற்ற கல்லூரிகளிலும் என்னைப் பார்த்து அப்படி எழுதத் தொடங்கினார்கள்.

பேச்சுவார்த்தையில் நிர்வாகத் தரப்பு, "இவங்க பாதி நாள் வர்றதே இல்ல, இவங்கள எதுக்கு நிரந்தரமாக்கணும்?" என்று கேட்டது. பெருமையாக இருந்தது எனக்கு. அத்தனை கல்லூரி நோட்டுகளையும் வாங்கித் தொகுத்து, பிரசவம் நடந்த நாளில்கூட ஒரு வகுப்பும் விடுபடவில்லை என்று நிரூபித்து, உடன்பாட்டின் ஆறாவது இணைப்பாகச் சேர்த்தேன். எல்லாரும் கைதட்டினார்கள்.

ஏழு ஆண்டு இடைவெளியின்றி வேலை செய்தவர்களுக்கே நிரந்தரம் என்பது உடன்பாட்டின் விதி. இடைவெளி யாருக்கு உண்டு என்று பார்க்க அதிகாரிகள் வேறெங்கும் போகவில்லை. ஆறாவது இணைப்பைத் திறந்தார்கள். தேதி, பெயர், கல்லூரி எல்லாம் தெளிவாக இருந்தது. பிள்ளை பெற்ற மூவாயிரத்து எண்ணூற்று அறுபது பேர் பட்டியலுக்கு வெளியே போனார்கள். நிரந்தரமாகாதவர்கள் பத்தாண்டுவரை நீடிக்கலாம் என்று இன்னொரு விதி. அந்தப் பத்தாண்டு இந்த ஜூலை முப்பத்தொன்றோடு முடிகிறது.

ஒவ்வோர் ஆண்டும் அவர்கள் மனு கொடுத்தார்கள். நான் ஒவ்வொன்றையும் படித்தேன். நியாயம் என்று பக்கத்தில் குறித்தேன். ஆனால் மாற்ற வேண்டும் என்று தோன்றவில்லை.

"சார், மத்த நாலு பேரும் போயிட்டாங்க" என்றார் பானு மேடம்.

"பார்த்தேன். பதினாலாவது விதி."

"காரணத்த நான் சொல்லமாட்டேன். உங்களுக்கே தெரியும். அதப் பத்தி நினைக்காதீங்க. நினைச்சா விருப்பம் மரத்துப்போயிரும்."

பதினாலாவது விதியையும் நான்தான் எழுதினேன். ஐந்து பேரும் கூட்டத்துக்கு ஒரே வேனில் போகிறோமே, வேன் கவிழ்ந்தால் என்ன ஆவது என்று அன்று யோசித்தேன். ஒரே மாதத்துக்குள் ஐந்து இடமும் காலியானால் உடன்பாடு அடுத்த முப்பது நாள் திறந்திருக்கும். புதிய பிரதிநிதிகள் திருத்தலாம். திருத்தி, அந்த ஐந்து பேரும் முப்பதாம் நாளுக்குள் நிலைப்படுத்திக்கொள்ள வேண்டும். ஒருவர் தவறினாலும் பழைய வாசகமே திரும்பிவிடும்.

"நாலு பேரை எப்படி விரும்பவைத்தீர்கள்?" என்று கேட்டேன்.

ராஜினாமாவையும் சும்மா எழுதிக் கொடுத்துவிட முடியாது. யாரும் மிரட்டி வாங்கிவிடக் கூடாதென்று விருப்பமானியின் முன் கொடுக்க வேண்டும். காதுக்குப் பின்னால் ஒரு வளையத்தை மாட்டுவார்கள். திரையில் எண் வரும். நாற்பதைத் தொட்டால்தான் மனதார என்று பொருள்.

"ஒவ்வொருத்தருக்கும் ஒண்ணு இருந்துச்சு சார். பிரதிநிதி தேர்தல்ல நிக்கக்கூடாதுல்ல? நிர்வாகத் தரப்புக்காரருக்கு அவங்க ஊர்ல கவுன்சிலர் ஆகணுமாம். எதிர்வீட்டுக்காரர் ஆயிட்டாராம், அந்த எரிச்சல். பிரதிநிதி தொழில் பண்ணக்கூடாது. பெற்றோர் தரப்பு அண்ணனுக்கு மறுபடி லாரி ஓட்டணும். மாணவர் தரப்புல கௌதமிக்கு மாநிலத்த விட்டு வெளிய போய்ப் பனி பாக்கணும். அரசுத் தரப்பு அம்மாவுக்குத்தான் ரொம்பக் கஷ்டம். ரெண்டு வாரம் ஆச்சு. கடைசில பூனை. அரசுக் குடியிருப்புல பூனை வளக்கக்கூடாதாம்."

"எனக்கு ஒன்றும் இல்லையே மேடம்."

"பாப்போம் சார். திங்கக்கிழமை திருச்சிக்கு வாங்க. வருவீங்கல்ல?"

வருவதில் எனக்கு மறுப்பில்லை. விருப்பமும் இல்லை. வருகிறேன் என்றேன்.

ஜூன் இருபத்தொன்பது, காலை பதினொன்றரை. நிலைப்படுத்தல் மையத்தில் வளையத்தை மாட்டியவர் சுகந்தி. ஆண்டுதோறும் எனக்குச் சோதனை செய்பவர். திரையில் பூஜ்யம் வந்தது.

"ஒரு மணி நேரம் தர்றேன் மேடம். நீங்க பேசலாம். தொடக்கூடாது, அழக்கூடாது, மிரட்டக்கூடாது" என்றார் சுகந்தி.

"பேசத்தான் வந்தேன்."

பானு மேடம் கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பார்த்துக்கொண்டார். தயாராக வந்திருந்தார்.

"சார், ரிசைன் பண்ணிட்டா சிங்கப்பூர்ல தங்கச்சி வீட்டுக்குப் போயி ஆறு மாசம் இருக்கலாம்."

ஒன்று.

"முழங்கால் ஆபரேஷன தள்ளிட்டே போறீங்க. நல்ல டாக்டராப் பாத்து..."

நான்கு. மறுபடி மூன்று.

"பரோட்டா, சால்னா. நம்ம காலேஜ் எதிர்க்க, அந்த நாயர் கடை."

"மேடம், வேஸ்ட்டு" என்றார் சுகந்தி. "போன வருஷம் செக்கப்ல பிரியாணி படம் காட்டுனேன். ரெண்டு. அரசாங்கக் காலண்டருக்கு அஞ்சு வந்துச்சு."

மேடம் சிரிக்கவில்லை. தாளை மடித்தார். ஐம்பது நிமிடம் இப்படிப் போனது. கடல், சீட்டாட்டம், கல்யாணம், பழைய மாணவர்கள். ஆறைத் தாண்டவில்லை. அவர் நெற்றியில் வியர்வை இருந்தது. ஏசி ஓடிக்கொண்டிருந்தது. அவருக்கு என்னென்ன போகும் என்று எனக்குத் தெரியும். வேலை, இருபத்தோர் ஆண்டு உழைப்பு, மூவாயிரத்து எண்ணூற்று ஐம்பத்தொன்பது பெண்களிடம் கொடுத்த வாக்கு. ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். திரையில் பூஜ்யத்துக்கு இறங்கியது.

"சரி விடுங்க சார். முடிஞ்ச வரைக்கும் பாத்தாச்சு" என்று நாற்காலியில் சாய்ந்தார். பிறகு கைப்பையைக் கிளறி இன்னொரு தாளை எடுத்தார். "வந்ததுக்கு இதையாவது பாத்துக் குடுங்க. சாயங்காலம் போஸ்ட் பண்ணணும்."

"என்னது?"

"ஏழாம் நம்பர் பஸ் பத்தி ஒரு மனு."

"ஏழு-ஏ."

திரையில் ஒன்பது.

ஏழு-ஏ பேருந்து எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்திலிருந்து கல்லூரி வழியாகப் போகும். கல்லூரி வாசலில் நிழற்குடை உண்டு, பலகை உண்டு, பட்டியலில் நிறுத்தமும் உண்டு. பேருந்து அங்கே நிற்காது. நானூறு மீட்டர் தள்ளி பெட்ரோல் பங்கில் நிற்கும். பிள்ளைகள் நெடுஞ்சாலை ஓரமாகத் திரும்பி நடக்க வேண்டும். பிரதிநிதி ஆகுமுன் இது பற்றி நாற்பத்தொரு மனு எழுதியிருக்கிறேன். நாற்பத்தொன்றாவதற்குப் பதில் வருமுன் உள்ளே போய்விட்டேன். பிரதிநிதியின் கையெழுத்துக்கு அதிகக் கனம் என்பதால், எந்த அலுவலகத்துக்கும் அவர் மனு எழுதக் கூடாது.

"இன்னிக்கும் பங்குலதான் எறக்கிவிட்டான் சார். அதான் எழுதுனேன்."

வாங்கிப் பார்த்தேன். அனுப்புநர் இல்லை. தேதி இல்லை. பெறுநர் என்ற இடத்தில் 'கலெக்டர் அய்யா' என்றிருந்தது. பொருளும் இல்லை பார்வையும் இல்லை. 'பஸ் நிக்க மாட்டேங்குது, நிக்கச் சொல்லவும்' என்று ஒரே வரி. கீழே கையெழுத்து, அதுவும் பென்சிலில்.

"மேடம், இதை ஆட்சியருக்கு அனுப்பினால் அவர் பிரிவுக்குத் தள்ளுவார், பிரிவு கழகத்துக்குத் தள்ளும், அங்கே சேரவே நாலு மாதம். பெறுநர் போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளர். நகல் வட்டாரப் போக்குவரத்து அலுவலருக்கு."

"ரெண்டும் ஒண்ணுதானே சார்?"

"எப்படி ஒன்றாகும்?"

இருபத்திரண்டு.

"பார்வைன்னு எதுக்கு? நமக்கென்ன பார்வையா போயிருச்சு?"

"முந்தைய கடித எண்களைக் குறிப்பிடாவிட்டால் புது மனு என்று எடுத்துக்கொள்வார்கள். நாற்பத்தொரு மனு, ஒன்பது ஆண்டு, எல்லாம் வீணாகிவிடும்."

"அட, அது யாருக்கு சார் ஞாபகம் இருக்கு? சும்மா நாலு வரி எழுதிப் போடுவோம்."

"பேனா கொடுங்கள்" என்றேன்.

முப்பத்தேழு. சுகந்தி நாற்காலியை முன்னால் இழுத்தார். "சார், நீங்க பிரதிநிதி. மனு எழுதக்கூடாது. ரூல்."

"பிழை திருத்தலாமா?"

"அதுவும் கூடாது சார்."

அந்தத் தாளைப் பார்த்தேன். பென்சில் கையெழுத்து. கலெக்டர் அய்யா. அதை அப்படியே அஞ்சல்பெட்டியில் போடப்போகிறார். என் காதுக்குப் பின்னால் சூடாக இருந்தது.

"அப்படியென்றால் ராஜினாமாப் படிவத்தைக் கொடுங்கள்."

நாற்பத்து நான்கு.

சுகந்தி படிவத்தை எடுத்தார். "விதிப்படி நான் இதைப் படிச்சாகணும் சார்." பானு மேடம் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். "தங்கள் ராஜினாமாவால் ஐந்தாவது இடமும் காலியாகி, உடன்பாடு நாளை மறுநாள் முதல் முப்பது நாள் திருத்தத்துக்குத் திறக்கும் என்பதை அறிவீர்களா?"

அறிவேன். அந்த வாசகம் என்னுடையது. உடன்பாடு, இணைப்பு ஆறு, மூவாயிரத்து எண்ணூற்று அறுபது என்று மனம் வரிசையாகப் போனது. போன இடமெல்லாம் விளக்கு அணைந்தது. நாற்பத்தொன்று. முப்பத்து மூன்று. இருபத்தாறு. பேனா கையில் இருந்தது. எதற்கு என்று தெரியவில்லை.

"சார்" என்றார் பானு மேடம் மெதுவாக. "மேலாளர்க்கு எந்த 'ர' போடணும்? அப்புறம் மதிப்பிற்குரியன்னு போடணுமா, இல்ல 'டியர் சார்'னே போட்டுரவா?"

நாற்பத்தெட்டு.

"காரணம்?" என்று அவசரமாகக் கேட்டார் சுகந்தி.

"ஏழு-ஏ பேருந்து கல்லூரி வாசலில் நிற்பதில்லை."

கையெழுத்திட்டேன். மணி பன்னிரண்டு இருபத்தெட்டு.

ஜூலை மாதம் நடந்தவற்றைச் செய்தித்தாளிலிருந்து கத்தரித்து வைத்திருக்கிறேன். புதிய ஐந்து பேர் உட்கார்ந்தார்கள். ஆறாவது இணைப்பு நீக்கப்பட்டது. பிரசவ காலம் இடைவெளியாகாது என்று ஒரு வரி சேர்ந்தது. ஜூலை எட்டாம் தேதி மூவாயிரத்து எண்ணூற்று அறுபது பேருக்கும் நிரந்தர ஆணை வந்தது. கல்லூரியில் கேசரி கொடுத்தார்கள். ராஜினாமா செய்தாலும் மரத்தது மீளாது. எனக்கும் ஒரு கிண்ணம் வந்தது. சாப்பிட்டேன்.

முப்பதாம் தேதி பானு மேடத்தோடு மறுபடி திருச்சிக்குப் போனேன். ஆசிரியர் தரப்பின் புதிய பிரதிநிதி அவர்தான். பிரதிநிதி வேறு வேலை பார்க்கக் கூடாது என்பதால், அவர் நிரந்தர விரிவுரையாளராக இருந்தது இருபத்திரண்டு நாள்.

"வேறு யாரும் இல்லையா மேடம்?"

"எல்லாரும் கைதட்டுனாங்க சார். உள்ள போறதுக்குக் கேட்டா, ஒருத்திக்குப் பையன் பிளஸ் டூ, ஒருத்திக்கு மாமியாருக்கு முடியல. தப்பில்ல. யாராச்சும் போகலன்னா நாளைக்குப் பழசே திரும்பிரும்." என் பக்கம் திரும்பினார். "உள்ள எப்படி சார் இருக்கும்? உண்மையச் சொல்லுங்க."

"ஒன்றும் இருக்காது."

"பிள்ளைங்க மேல?"

வழக்கமாக நான் அளந்து பதில் சொல்பவன். "அவர்களுக்கு என்ன சாப்பாடு பிடிக்கும் என்பது மறக்காது" என்றேன்.

அவர் தலையாட்டினார். கைப்பையிலிருந்து ஒட்டிய உறையொன்றை எடுத்து என்னிடம் கொடுத்தார். "இது உங்ககிட்ட இருக்கட்டும். இப்பப் பிரிக்காதீங்க. என்னிக்காவது யாராச்சும் வந்து, இந்த உடன்பாட்டால எங்க பொழைப்பு போகுதுன்னு சொல்லுவாங்க. நாம யாரையோ கண்டிப்பா விட்டிருப்போம் சார், யாருன்னுதான் தெரியல. அப்ப நான் சும்மா உட்கார்ந்திருப்பேன். அவங்ககிட்ட இதக் குடுங்க."

"உள்ளே என்ன?"

"எனக்கு நாப்பது வரவைக்கிற விஷயம்."

இரண்டு மணி நேரம் கழித்து வெளியே வந்தார். தலைமுடி கலையவில்லை. கைப்பேசியில் இரட்டையரில் ஒருத்தி அழைத்தாள். "ம். சாப்பிட்டேன். ம். வர்றேன்" என்று வைத்துவிட்டார்.

"எப்படி இருக்கிறது மேடம்?"

"ஒண்ணும் தெரியல சார்."

எங்கள் ஊரில் இறங்கி ஏழு-ஏ பிடித்தோம். அவர் தன் மேசையைக் காலி செய்ய வேண்டியிருந்தது. என் நாற்பத்திரண்டாவது மனுவுக்கு, பரிசீலனையில் உள்ளது என்று பதில் வந்திருக்கிறது. பேருந்து கல்லூரி வாசலைத் தாண்டிப் போய் பெட்ரோல் பங்கில் நின்றது. நேரம் குறித்துக்கொண்டேன். முன்பெல்லாம் மேடம் இறங்கும்போது ஓட்டுநரிடம் இரண்டு வார்த்தை கேட்காமல் இறங்க மாட்டார். இன்று இறங்கி, வெயிலில் எனக்கு முன்னால் நடக்கத் தொடங்கினார்.

சட்டைப்பையிலிருந்து உறையை எடுத்தேன். கோப்பில் வைக்க எண் போட வேண்டும். அப்போதுதான் மேலே எழுதியிருந்ததைப் படித்தேன். மையால் எழுதியிருந்தார். இடப்பக்கம் அனுப்புநர், அதன் கீழே பெறுநர், வலப்பக்கம் நாள்.

பொருள்: என்னைத் திரும்ப அழைத்தல் – தொடர்பாக.

பார்வை: ஏழு-ஏ பேருந்து குறித்த எனது மனு, நாள் 29 ஜூன்.

ஓரம் விட்டிருந்தது. ஒரு பிழையும் இல்லை. பதினோரு ஆண்டு எனக்கு எதிர் மேசையில் உட்கார்ந்தவர். பென்சிலால் எழுதிய அந்தத் தாளை எவ்வளவு நேரம் யோசித்துக் கெடுத்திருப்பார் என்று கணக்கிட முயன்றேன்.

அவர் முன்னால் போய்க்கொண்டிருந்தார், திரும்பிப் பார்க்காமல். இந்த இடத்தில் எனக்கு என்ன தோன்ற வேண்டும் என்பது தெரியும். நாக்கால் தொட்டுப் பார்த்தேன். பல் அங்கேயேதான் இருந்தது.